வெட்டிய நாளையும் எழுதுங்கள், வாடிய நாளையும் எழுதுங்கள்

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பூ ஜாடிக்கென்றே வளர்க்கும் கொய்மலர்களுக்கு வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாத்தி ஒதுக்குங்கள், கூடவே ஒரு நோட்டும் போடுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பூவைவிட நோட்டைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பதினொரு வருடமாகப் பூ வளர்க்கிறேன். என்னிடம் இருக்கிற கருவிகளில் எது முக்கியம் என்று கேட்டால், கத்தரிக்கும் மண்வெட்டிக்கும் முன்னால் அந்த நீல அட்டை நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே ஜின்னியா விதைத்தேன். இப்போது நிறைய பூ. ஆனால் வெட்ட மனசே வரவில்லை. செடியிலேயே இருந்தால் இன்னும் பத்து நாள் அழகாக இருக்குமே என்று தோன்றுகிறது. துணிந்து வெட்டினால் ஜாடியில் இரண்டே நாளில் தலை தொங்கிவிடுகிறது. வெட்டாமலே விட்டுவிடட்டுமா?

தயங்காமல் வெட்டுங்கள் தங்கச்சி. செடி பூப்பதே விதை வைக்கத்தான். ஒரு பூ செடியிலேயே முதிர்ந்து விதை பிடித்துவிட்டால் சத்தெல்லாம் அந்த விதைக்கு ஓடும், புது மொட்டு குறையும். விதை பிடிக்கும் முன்னால் பூவை எடுத்துவிட்டால் செடி மறுபடி பூத்துப் பார்க்கும். ஜின்னியா, காஸ்மாஸ், வாடாமல்லி எல்லாமே இந்த ரகம்தான். ஒரு முறை நான் மூன்று வாரம் வெளியூரில் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஜின்னியா பாத்தி முழுக்கப் பழுப்புத் தலைகள். அவற்றையெல்லாம் வெட்டி எறிந்த பிறகு, ஜாடிக்கு வைக்கிற மாதிரி தண்டு கிடைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் என் நோட்டில் வெற்றிடமாகவே இருக்கிறது.

தலை தொங்குவதற்குக் காரணம் நீங்கள் வெட்டியது அல்ல, முன்கூட்டியே வெட்டியது. ஜின்னியா பார்வைக்கு விரிந்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் பூவுக்குக் கீழே கழுத்துப் பகுதி இன்னும் இளசாக இருக்கும். அந்தக் கழுத்தால் ஜாடியில் தலையைத் தாங்க முடியாது. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தலை அங்கும் இங்கும் துவண்டால் விட்டுவிடுங்கள், இன்னும் இரண்டு மூன்று நாள் போகட்டும். தண்டு குச்சி மாதிரி விறைத்து நின்று, பூவும் தண்டும் ஒன்றாக ஆடினால் கத்தரியை எடுக்கலாம். இந்த ஒரு பழக்கத்தால் என் ஜின்னியா ஜாடியில் நிற்கும் நாள் மூன்றிலிருந்து எட்டு ஒன்பதாக உயர்ந்தது.

எங்கே வெட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். மேலே இருக்கிற மொட்டுகள் வீணாகுமே என்று பயந்து பூவுக்குக் கீழே நாலு விரல் விட்டு வெட்டினால், அடுத்து வருகிற தண்டுகளும் குட்டையாகவே வரும். ஒரு முழம் கீழே இறங்குங்கள். எதிரெதிராக இரண்டு இலை இருக்கிற கணு ஒன்று தெரியும். அந்த இலைக்கக்கங்களில் உற்றுப் பார்த்தால் கடுகளவு பச்சைத் துளிர் இரண்டு இருக்கும். அந்தக் கணுவுக்குக் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். இரண்டு துளிரும் இரண்டு தண்டாக வரும். முதல் வெட்டில் கூடவே இரண்டு மொட்டு போகும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பதினைந்து நாள் கழித்து அதே கணுவைப் போய்ப் பாருங்கள்.

ஜின்னியாவுக்கு ஆட்டிப் பார்க்கலாம். மற்ற பூக்களை எந்தப் பருவத்தில் வெட்டுவது?

சூரியகாந்தியை, இதழ்கள் நடுவட்டத்தை விட்டு எழும்ப ஆரம்பிக்கும்போதே வெட்டுங்கள். முழுக்க விரியவிட்டால் ஜாடியில் அதன் நாள் குறைந்துபோகும். காஸ்மாஸ், மொட்டில் நிறம் ஏறி முதல் இதழ் பிரியும் நேரம். கிளாடியோலஸ் கதிரில் அடியில் ஒன்றிரண்டு மொட்டு நிறம் காட்டினால் போதும், மீதி ஜாடியில் வரிசையாக விரியும். ஆனால் செடியில் நாலு இலையாவது விட்டு வெட்ட வேண்டும், அடுத்த முறைக்குக் கிழங்கைத் திரட்டுவது அந்த இலைகள்தான். வெட்டிய கிளாடியோலஸைப் படுக்கவைக்காதீர்கள், நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது. சம்பங்கியில் அடிப்பூ இரண்டு மூன்று விரிந்ததும் வெட்டலாம். டேலியா இவற்றுக்கு நேர்மாறு. மொட்டாக வெட்டினால் மொட்டாகவே வாடும், முக்கால்வாசியாவது செடியிலேயே விரிய வேண்டும். கோழிக்கொண்டைக்கும் வாடாமல்லிக்கும் அவசரமே இல்லை. நன்றாக முதிரவிட்டு வெட்டினால் ஜாடிக்கும் ஆகும், இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைக்கவும் ஆகும்.

நான் ஓய்வு பெற்ற கணக்காளன், வயது எழுபது. சென்ற வருடம் ஒரு நாள் விடாமல் தோட்டக் குறிப்பு எழுதினேன். காலை வெயில், மாலை மேகம், எத்தனை வாளி தண்ணீர், என்ன பூச்சி, என்ன உரம், எல்லாமே. மூன்று நோட்டு நிரம்பியது. இந்த வருடம் விதைக்கும் முன் எடுத்துப் புரட்டினால் ஒன்றும் தேறவில்லை. எங்கே தவறு செய்தேன்?

ஐயா, ஒரு வருடம் நாள் தவறாமல் எழுதுவது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. நீங்கள் கணக்காளர் என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பேடு எழுதி வைத்திருக்கிறீர்கள், பேரேட்டுக்கு எடுத்து எழுதவில்லை. தேதி வாரியாக எல்லாம் இருக்கிறது, ஆனால் ஜின்னியா கணக்கு என்ன ஆயிற்று, சூரியகாந்தி கணக்கு என்ன ஆயிற்று என்று ஒரே பக்கத்தில் பார்க்க வழியில்லை.

ஒரு விதைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விதைத்த நாளை 0 என்று வைத்துக்கொண்டு, பிறகு நடப்பதையெல்லாம் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். தேதியை ஓரத்தில் போட்டால் போதும். என் நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"ஜின்னியா, பெரிய பூ, கலவை நிறம். இரண்டாம் பாத்தி, 12 செடி. 5: முளைத்தது. 29: நுனி கிள்ளினேன், உயரம் 26 செ.மீ. 71: முதல் வெட்டு, 4 தண்டு, 30 செ.மீ., ஜாடியில் 6 நாள். 85: 19 தண்டு, 42 செ.மீ., 9 நாள். 99: 26 தண்டு, 8 நாள். 113: 22 தண்டு, அடி இலையில் சாம்பல் நோய். 127: 9 தண்டு, எல்லாம் குட்டை. பிடுங்கிவிட்டேன்."

பக்கம் இவ்வளவுதான், நடுவில் வெட்டிய சில்லறை வெட்டுகளை மட்டும் விட்டிருக்கிறேன். ஆனால் இதிலிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். இந்த ரகம் என் மண்ணில் வெட்டுக்கு வர 71 நாள் எடுக்கிறது. 85லிருந்து 113 வரை அள்ளிக் கொடுக்கிறது. 120க்கு மேல் அதை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அப்படியானால் அடுத்த விதைப்பை முதல் விதைப்பின் 45ஆம் நாளில் போட வேண்டும். 45உம் 71உம் 116. முதல் விதைப்பு ஓயும் நேரத்தில் இரண்டாவது ஆரம்பிக்கும். முன்பெல்லாம் முதல் விதைப்பு வாடியதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததை விதைப்பேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஜாடி காலியாகவே இருக்கும்.

இன்னொன்றும் அந்த நோட்டுதான் சொல்லிக் கொடுத்தது. ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள் விதைப்பு. இரண்டாம் பாத்தி 71ஆம் நாள் வெட்டுக்கு வந்தால் முதல் பாத்தி 82ஆம் நாள்தான் வரும். முதல் தடவை விதையைக் குறை சொன்னேன். இரண்டாம் தடவை மண்புழு உரம் போதவில்லை என்று இன்னும் இரண்டு கூடை போட்டேன். மூன்றாம் தடவையும் அதே பதினொரு நாள் வித்தியாசம் வந்தபோதுதான், மேகமில்லாத ஒரு நாளாகப் பார்த்து மணிக்கு ஒரு தடவை போய் எந்தப் பாத்தியில் வெயில், எந்தப் பாத்தியில் நிழல் என்று குறித்தேன். இரண்டாம் பாத்திக்கு ஏழு மணி நேரம் வெயில். முதல் பாத்திக்கு நாலரை. பகல் ஒரு மணிக்கே சுவரின் நிழல் வந்து விழுந்துவிடுகிறது. ஐந்து வருடம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறேன், கண்ணில் படவில்லை. 71, 82 என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் பட்டது. இப்போது அந்த இடத்தில், பூங்கொத்துக்குத் துணையாக வைக்கும் இலைச்செடிகள் வளர்கின்றன. நிழல் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது.

இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்று ஒருவர், 1736இல் ஆரம்பித்து 1797இல் இறக்கும் வரை, வருடா வருடம் முதல் பூ எப்போது பூத்தது, எந்த மரம் எப்போது துளிர்த்தது, குயில் முதலில் எப்போது கூவியது என்று எழுதி வந்தார். அவருடைய குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். பருவநிலை மாறுவதை ஆராய்கிறவர்களுக்கு அந்த ஏடு இன்றைக்கும் பயன்படுகிறது. அவர் எல்லாவற்றையும் எழுதவில்லை. சில விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே விஷயங்களை ஒவ்வொரு வருடமும் எழுதினார். அதனால்தான் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது.

உங்கள் மூன்று நோட்டும் வீணாகவில்லை ஐயா. ஒரு மழை நாளில் உட்கார்ந்து விதைத்த நாள், முதல் வெட்டு, கடைசி வெட்டு, தண்டுக் கணக்கு, இவற்றை மட்டும் செடிவாரியாக எடுத்து எழுதுங்கள். வாளிக் கணக்கையும் மேகத்தையும் விட்டுவிடலாம். ஏதாவது ஒரு செடி ஏன் பிந்தியது என்று பிறகு சந்தேகம் வரும்போது போய்ப் பார்க்க அவை அங்கேயே இருக்கும்.

நாற்றுக்குப் பெயர் எழுதிக் குத்திவைத்த பட்டைகளில் எழுத்து வெயிலில் அழிந்துவிட்டது. எது எந்த ரகம் என்றே தெரியவில்லை. அழியாத மை ஏதாவது இருக்கிறதா?

பென்சிலால் எழுதுங்கள். அழியாது என்று சொல்லி விற்கும் மார்க்கர்கூட வெயிலில் வெளுத்துப் போகும், பென்சில் கரி அப்படியே நிற்கும். பட்டையின் மண்ணுக்குள் போகிற பாதியிலும் ஒரு தடவை எழுதிவிடுங்கள். ஒரு வருடம் எட்டு ரகத்தின் பெயரும் இப்படிப் போய், எந்த நிறம் என் வீட்டில் நன்றாக வந்தது என்று தெரியாமலே அந்தப் பருவம் முடிந்தது. அதற்கப்புறம் எந்த வரிசையில் எது என்று நோட்டில் ஒரு படமும் போட்டு வைக்கிறேன்.

காஸ்மாஸ் செடியில் நுனி கிள்ளச் சொன்னீர்கள். ஆறு செடியில் மூன்றைக் கிள்ளினேன், மூன்றை விட்டேன். கிள்ளாதது 58ஆம் நாள் பூத்தது. கிள்ளியது 70ஆம் நாள்தான். கிள்ளியதால் பன்னிரண்டு நாள் நஷ்டம்தானே?

பாதியை விட்டுப் பாதியைக் கிள்ளிப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். 58உம் சரி, 70உம் சரி. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை, கடைசி வெட்டு வரை தண்டை எண்ணுங்கள்.

செடியின் நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் சுரக்கிறது. அது கீழே இறங்கி வரும் வழியில் பக்கத் துளிர்களை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்த அடக்குமுறை போய், பக்கத் துளிரெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கத்தான் செய்யும். நானும் ஒரு தடவை இப்படிச் சோதித்தேன். கிள்ளாத செடியில் செடிக்கு ஒன்பது தண்டு, கிள்ளியதில் பதினைந்து. அதைவிட முக்கியம், கிள்ளிய செடியில் கிளைகள் அடியிலிருந்தே பிரிந்ததால் தண்டு நீளமாகவும் நேராகவும் வந்தது.

செடி ஒரு சாணைத் தாண்டி, மூன்று நாலு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் கிள்ளிவிடாதீர்கள். ஒரே தண்டில் ஒரே பூ பூக்கிற சூரியகாந்தியைக் கிள்ளினால் அந்த ஒரு பூவும் போயிற்று. பெரிய கொண்டை வேண்டும் என்றால் கோழிக்கொண்டையையும் கிள்ளக் கூடாது.

வேறொரு சந்தேகம். காஸ்மாஸுக்கு நிறைய உரம் போட்டேன், ஆளுயரம் வளர்ந்து இலையாகவே நிற்கிறது.

தழைச்சத்து அதிகமாகிவிட்டது. உரத்தை நிறுத்துங்கள். காஸ்மாஸ் சுமாரான மண்ணில்தான் நன்றாகப் பூக்கும்.

அம்மா, இரண்டு தொட்டியில் செவ்வந்தி வைத்திருக்கிறேன். போன வருடம் குலுங்கக் குலுங்கப் பூத்தது. இந்த வருடம் அதே மாதம் வந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. நீங்கள் சொன்னபடி நோட்டு எழுதுகிறேன், தண்ணீர், உரம், மருந்து எல்லாம் போன வருடம் போலவேதான். பூச்சியும் இல்லை. இலை கரும்பச்சையாக இருக்கிறது. வாசலில் புதிதாக விளக்கு போட்டதால் ராத்திரியிலும் செடியைப் பார்க்க முடிகிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது மகளே. அந்த விளக்குதான்.

செவ்வந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இரவு நீண்டு, நடுவில் வெளிச்சம் படாமல் தொடர்ந்தால்தான் மொட்டு வைக்கும். கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1920இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஒரு புகையிலை ரகம். கோடையில் உயரமாக வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. அதை மாலையிலேயே இருட்டுக்குள் வைத்துப் பகலைக் குறைத்தபோது பூத்தது. பகலின் நீளத்தைவிட, இடையில் முறியாத இருட்டின் நீளம்தான் முக்கியம் என்பது பிறகு தெரியவந்தது. செவ்வந்தியை வியாபாரத்துக்கு வளர்க்கிறவர்கள் இதை இரண்டு பக்கமும் பயன்படுத்துகிறார்கள். பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கு எரியவிடுவார்கள். சீக்கிரம் பூக்க வேண்டுமென்றால் மாலையிலேயே கறுப்புத் துணி போட்டு மூடுவார்கள். நீங்கள் அறியாமலே முதலாவதைச் செய்துவிட்டீர்கள்.

தொட்டிதானே, இன்றைக்கே விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். வேறு இடமே இல்லை என்றால் மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, காலை ஏழு மணிக்கு எடுங்கள். பதினான்கு மணி நேர இருட்டு. மொட்டில் நிறம் தெரியும் வரை ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். இருட்டு ஆரம்பித்த நாளை 0 என்று நோட்டில் எழுதுங்கள். பல ரகங்கள் அதிலிருந்து எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். உங்கள் ரகத்துக்கு எத்தனை வாரம் என்று இந்தத் தடவை உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களும் நோட்டில் 'மாற்றம்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். செடிக்குச் செய்தது மட்டும் இல்லை, செடியைச் சுற்றி நடந்ததும் அதில் வரட்டும். புது விளக்கு, பக்கத்து மரக்கிளையை வெட்டியது, சுவருக்கு வெள்ளையடித்தது, தண்ணீர்த் தொட்டியை மாற்றியது. என் முதல் நோட்டுகளில் இந்த வரி இல்லையே என்று பல தடவை வருந்தியிருக்கிறேன்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு என் தோட்டத்துப் பூவாலேயே ஒரு கொத்து கட்டித் தர ஆசை. சரியாக அன்றைக்குப் பூக்கும்படி செய்ய முடியுமா?

அன்றைக்கே என்று குறிவைத்து ஒரே விதைப்பை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு விதைத்தால் நிச்சயம் முடியும். ஒரே தண்டு சூரியகாந்தி இதற்கு நல்ல துணை, பல ரகங்கள் 50 முதல் 60 நாளில் பூத்துவிடும். பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 65 நாள் முன்னால் ஒரு விதைப்பு, 58 நாள் முன்னால் ஒன்று, 51 நாள் முன்னால் ஒன்று. தடவைக்கு எட்டு விதை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் ஒரு மதிப்பீடு மட்டும்தான். குளிர்ச்சியில் நீளும், வெதுவெதுப்பில் சுருங்கும். மூன்றில் ஒன்று உங்களுக்கு அமைந்துவிடும். கொத்துக்கு உள்ளங்கை அகலப் பூ போதும். அதற்கு 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக விதைக்க வேண்டும், இடம் அதிகம் விட்டால் தலை தட்டு மாதிரி பெரிதாகிவிடும்.

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அதிகாலையில் வெட்டுங்கள். இரவெல்லாம் நீர் ஏறித் தண்டு விறைப்பாக இருக்கும் நேரம் அது. வாளியில் தண்ணீரோடு பாத்திக்கே போங்கள். வெட்டியதும் அடியிலைகளை உருவிவிட்டு உடனே வாளியில் வையுங்கள், கையில் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். குளிர்ச்சியான இருட்டறையில் மறுநாள் காலை வரை அப்படியே இருக்கட்டும். பிறகு கொத்தாகக் கட்டினால் நாள் முழுக்கத் தலை நிமிர்ந்து நிற்கும். இப்போதிருந்தே வாடாமல்லியும் கொஞ்சம் காயவைத்து எடுத்து வையுங்கள். எது பிந்தினாலும் அது கை கொடுக்கும்.

ஜாடித் தண்ணீரில் சர்க்கரை போடு என்கிறார்கள், ஆஸ்பிரின் போடு என்கிறார்கள், செப்புக்காசு போடு என்கிறார்கள். எது உண்மை?

வெட்டிய பூவுக்கு முதல் எதிரி பாக்டீரியா. தண்டுக்குள் நீர் ஏறுகிற நுண்குழாய்களை அடைத்துவிடும். தண்ணீரில் அமிழ்ந்து அழுகும் இலைதான் அதற்குத் தீனி. ஆகவே ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி அடித்தண்டை ஒரு விரற்கடை சாய்வாக வெட்டுவதும்தான் பெரிய மருந்து. இதைச் செய்யாமல் காசு போட்டுப் பயனில்லை.

சர்க்கரை பூவுக்கு உணவுதான், ஆனால் அதை மட்டும் போட்டால் பூவுக்கு முன்னால் பாக்டீரியா சாப்பிட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கும் பிளீச் சில சொட்டு. புளிப்பு இருந்தால் தண்டு நீரை எளிதாக இழுக்கும், பிளீச் கிருமியைத் தடுக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் பலன். ஆஸ்பிரினை நானும் போட்டுப் பார்த்தேன், என் நோட்டில் வித்தியாசம் எதுவும் பதிவாகவில்லை. இன்னொன்று, பழக்கூடைக்குப் பக்கத்தில் ஜாடியை வைக்காதீர்கள். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் வாயு வரும், கார்னேஷன் மாதிரிப் பூக்கள் அதில் சட்டென்று சுருண்டுவிடும்.

ஜாடியின் கதையையும் நோட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். வெட்டிய நாளோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். பாத்தியில் பிரமாதமாகப் பூத்த ஒரு வெள்ளைக் காஸ்மாஸ் ரகம் என் ஜாடியில் மூன்று நாளைத் தாண்டியதே இல்லை. வாடிய நாளை எழுதியிருக்காவிட்டால் இன்னும் அதையே விதைத்துக்கொண்டிருப்பேன்.

போன வருடச் சூரியகாந்தியில் விதை எடுத்து வைக்கலாமா?

எஃப் 1 கலப்பினம், அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை, என்று பாக்கெட்டில் இருந்தால் வேண்டாம், தாயைப் போல வராது. சாதாரண ரகம் என்றால் தாராளமாக எடுக்கலாம். அதற்கென்று இரண்டு நல்ல செடியை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

ஆன்ட்டி, நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு அம்மா மூன்று தொட்டி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நானும் நோட்டு போடலாமா? என்ன எழுத வேண்டும்?

கட்டாயம் போடலாம் கண்ணா. மூன்று தொட்டியிலும் சூரியகாந்தி போடு, தொட்டிக்கு ஒரு செடி. தொட்டி ஒரு அடி ஆழமாவது இருக்கட்டும், அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஒரு நீளக் குச்சியில் ஸ்கேலை வைத்து ஐந்து ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுச் செடிக்குப் பக்கத்தில் குத்திவிடு. வாரம் ஒரு நாள், அதே கிழமையில், அதே இடத்தில் நின்று அம்மா போனில் ஒரு படம் எடு. குச்சியில் கோடு இருப்பதால் உயரம் படத்திலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணை நோட்டில் எழுது.

மொட்டு வந்ததும் இன்னொரு வேலை. காலையில் மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது, சாயங்காலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தினமும் ஓர் அம்புக்குறி போடு. இளம் மொட்டு காலையில் கிழக்கே பார்க்கும், சூரியனோடு மேற்கே திரும்பும், ராத்திரியில் மறுபடி கிழக்குக்கு வந்துவிடும். பூ நன்றாக விரிந்ததும் திரும்புவதை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். எத்தனையாவது நாளில் உன் செடி நின்றது என்று பார். மூன்று செடியும் ஒரே நாளில் நிற்கிறதா, வேறு வேறு நாளிலா என்றும் பார்.

அந்த மூன்று எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு. என் நோட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, உன் எண்ணுக்குக் கீழே என் செடியின் எண்ணையும் எழுதுகிறேன்.